பிப்ரவரி முழுக்க விழா, காலையானால் வயிற்றுவலி

திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். மகளுக்கு எட்டு வயது, மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா இன்னொரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வீட்டில் மாமியாரும் உண்டு.

கடிதத்தோடு பள்ளி கொடுத்த சர்க்குலரையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். முதல் வாரம் விளையாட்டு விழா. 10-ம் தேதி குடற்புழு மாத்திரை. அதற்கப்புறம் அறிவியல் கண்காட்சி, மாறுவேடப் போட்டி, தாத்தா பாட்டி தினம், கோவை அறிவியல் மையத்துக்கு ஒருநாள் சுற்றுலா. கடைசி சனிக்கிழமை ஆண்டு விழா. நடுவில் இரண்டு கிளாஸ் டெஸ்ட், கூடவே ‘மஞ்சள் உடை நாள்’ என்று ஒன்று. மஞ்சள் உடை நாளில் என்ன செய்வார்கள் என்று சர்க்குலரில் இல்லை. மஞ்சள் உடை போட்டுக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் போலிருக்கிறது.

பொங்கல் விடுமுறை முடிந்து டான்ஸ் பிராக்டிஸ் ஆரம்பித்த வாரத்திலிருந்து குழந்தைக்குக் காலை ஆறரை மணிக்கு வயிறு வலிக்கிறது. தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக் காட்டி அழுகிறாள். மூன்று நாள் லீவு போட்டுப் பார்த்தார்கள். மூன்று நாளும் பத்து மணிக்கு வலி போய், டிவி முன்னால் உட்கார்ந்து தோசை சாப்பிட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வலி எட்டிப் பார்ப்பதே இல்லை. “நடிக்கிறா” என்கிறார் அப்பா. மாமியார் இரண்டு முறை சுற்றிப் போட்டாயிற்று. மெடிக்கல் ஷாப்பில் டைசைக்ளோமின் கலந்த சிரப் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிராக்டிஸ் உள்ள நாள்களில் காலையில் கொடுக்கிறார்கள். ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள். குடலை ஒட்டி நெறிக்கட்டிகள், பெரியது 6 மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட். “பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும்”, அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோயாக இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து தாய்க்கும் தூக்கம் இல்லை.

இதற்கிடையில் பள்ளியில் ஒன்று நடந்திருக்கிறது. முன்வரிசையில் நின்று ஆடிக்கொண்டிருந்தவளை டான்ஸ் மாஸ்டர் பின்வரிசைக்கு மாற்றி, “உன்னால எல்லாருக்கும் ஸ்டெப் கெடுது” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். டிரஸ்சுக்கு 1,850 ரூபாய் கட்டச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

தாய் கேட்பவை நான்கு. இது உண்மையான வலியா, நடிப்பா? ஆண்டு விழாவிலிருந்து விலக்கினால் மார்க்கைக் குறைப்பார்களா, பெயிலாக்குவார்களா? டிரஸ் பணத்தைப் பற்றிக் கேட்டால் குழந்தையிடம் காட்டுவார்களா? பேசாமல் பள்ளியையே மாற்றிவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பயந்து பயந்து எழுதியிருப்பது ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி. நான் பேனாவால் கோடு போட்டு வைத்தது வேறு ஒரு வரியில். மூன்றாம் பக்கத்தில், டியூஷன் மிஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: வேனிலிருந்து இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள், தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருகிறது என்று. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடலாம்.

நடிப்பா, வலியா?

வலி நிஜம். பத்து மணிக்குத் தோசை சாப்பிட்டாள் என்பதால் ஆறரை மணிக்கு வலித்தது பொய்யாகிவிடாது. குடலுக்கென்று சொந்தமாகவே ஒரு நரம்பு வலை இருக்கிறது. மூளையோடு அது ஓயாமல் தொடர்பில் இருக்கும். பயம், அவசரம், தூக்கக் குறைவு எதுவானாலும் குடலின் அசைவு மாறும். சாதாரண நாளில் தெரியவே தெரியாத ஒரு சின்ன இழுப்புகூட அப்போது வலியாகத் தெரியும். இன்டர்வியூவுக்குப் போகிற காலையில் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது, யாரும் அதை நடிப்பு என்பதில்லை. வேன் போய்விட்டது, இன்றைக்குப் பள்ளி இல்லை என்று உறுதியானதும் குடல் தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. பத்து மணித் தோசைக்கு விளக்கம் இவ்வளவுதான். உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் குழந்தையிடம் கோபமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் சம்பளத்தை இழந்து நீங்கள் வீட்டில் இருந்தபோது அவள் சிரித்துக்கொண்டு டிவி பார்த்ததில் வந்த எரிச்சல்தான் அது.

இது அபூர்வமான சங்கதியும் இல்லை. இங்கிலாந்தில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் எழுதினார்: பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிறு வலிக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே உடல் நோய் என்று ஒன்று கண்டுபிடிக்க முடிகிறது. தொப்புளிலிருந்து வலி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கவனித்துத் தேட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். குழந்தை மருத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். உங்கள் மகள் கை வைத்துக் காட்டுவது தொப்புளின் மேலேயே.

அடுத்து அந்த நெறிக்கட்டி. இந்த வயதில் நன்றாக இருக்கிற பல குழந்தைகளின் வயிற்றை ஸ்கேன் செய்தாலும் ஒன்றிரண்டு தென்படும். ஒரு சளி, ஒரு வயிற்றுப்போக்கு வந்துபோனால்கூட வீங்கி, வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். குறுக்களவு 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சந்தேகப்பட வேறு காரணங்கள் வேண்டும்: வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை இறக்கம், வீட்டிலோ பக்கத்திலோ காசநோய் உள்ள ஒருவர். நீங்கள் எழுதியிருப்பதில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஜூன் மாதத்தைவிட ஒரு கிலோ கூடி 23 கிலோ இருக்கிறாள் என்கிறீர்கள். ஸ்கேனில் உள்ள ஒரு வரியை வைத்து ஆறு மாத மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

அதற்காக, கடிதத்தைப் படித்துவிட்டே “ஒன்றுமில்லை” என்று நான் சொல்லிவிட முடியாது. ஒரு குழந்தை மருத்துவர் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும், சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்யட்டும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வலது பக்க அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை இறக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று எது இருந்தாலும் விழா, பிராக்டிஸ் எல்லாம் பிறகு. அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றிப் போட்டதில் ஒரு கெடுதலும் இல்லை. பாட்டி பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அவளை மட்டும் கவனிப்பது நல்லதுதான். “வயிற்றில் பூச்சி” என்ற அவருடைய சந்தேகத்துக்கும் 10-ம் தேதி பள்ளியிலேயே பதில் இருக்கிறது. அங்கே கொடுக்கும் அல்பெண்டசோல் போதும். அதே வாரம் கடையில் வாங்கி இன்னொன்று கொடுக்க வேண்டாம்.

முக்கால் பாட்டில் தண்ணீர்

இப்போது நான் கோடு போட்ட வரி. எட்டு வயதுக் குழந்தை பகலில் நான்கு முதல் ஏழு முறை சிறுநீர் கழிக்க வேண்டும். உங்கள் மகள் ஏழு மணிக்கு வீட்டில் போனால், அடுத்து மாலை ஆறே முக்காலுக்கு வேனிலிருந்து இறங்கி ஓடுகிறாள். கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம்.

ஏன் போவதில்லை என்று திட்டாமல், சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தரை முழுக்க ஈரம், பெரிய வகுப்பு அக்காக்கள் வரிசையில் தள்ளிவிடுகிறார்கள் என்று ஏதாவது வரும். சாதாரண மாதத்தில் இதைப் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். விழா மாதத்தில் முடிவதில்லை. இன்டர்வெல் நேரத்தைப் பிராக்டிஸ் எடுத்துக்கொள்கிறது. நடுவில் கேட்டால் “இப்பதானே வந்தே, நில்லு” என்கிறார்கள். டிரஸ் போட்டுப் பிராக்டிஸ் என்றால் ஊக்கு குத்தி, நாடா கட்டி, கழற்றவே ஒரு ஆள் வேண்டும். குழந்தை புத்திசாலி. தண்ணீர் குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை என்று கண்டுபிடித்துவிடுகிறாள்.

அடக்க அடக்க மலமும் இறுகுகிறது. இறுகிய மலம் காலையில், அதுவும் எழுந்து ஏதாவது குடித்ததும் குடல் அசைய ஆரம்பிக்கும் நேரத்தில், தொப்புளைச் சுற்றி வலிக்கும். உங்கள் மகளுக்கு மலச்சிக்கல் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு வயதுப் பிள்ளை பாத்ரூமுக்குத் தானாகப் போய் வந்துவிடுவதால் பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு வாரம் கவனியுங்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாகப் போகிறதா, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையா, ஜட்டியில் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில்தான் அந்த சிரப் எனக்குக் கவலை தருகிறது. டைசைக்ளோமின் குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். கூடவே அதன் அசைவையும் மந்தமாக்கி மலச்சிக்கலைக் கூட்டும். வாயை உலர்த்தும், வியர்வையைக் குறைக்கும். வெயிலில் மைதானத்தில் ஆடப்போகிற, தண்ணீரே குடிக்காத குழந்தைக்குக் காலையில் அதைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். தெரிந்து செய்யவில்லை, தவிப்பில் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதில், காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், இட்லியோ ஒரு வாழைப்பழமோ ஏதாவது வயிற்றில். சாப்பிட்டுப் பத்து நிமிஷம் கழித்து, வந்தாலும் வராவிட்டாலும், டாய்லெட்டில் ஐந்து நிமிஷம் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் ஊன்ற ஒரு மணை வையுங்கள். தொங்கும் காலோடு முக்க முடியாது. நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். கீரை, கொய்யா, கம்பு எல்லாம் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே இறுகிப்போனதற்கு அவை மட்டும் போதாது. மருத்துவர் மலமிளக்கி எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் அவர் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். “பழகிவிடும்” என்று மூன்றாம் நாளே நிறுத்துவதால்தான் பல பிள்ளைகளுக்குத் திரும்ப வருகிறது.

இரவு கணக்கு

நீங்கள் எழுதிய நேரங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஆறே முக்காலுக்கு வீடு. ஏழேகாலுக்கு டியூஷன், எட்டரை வரைக்கும். சாப்பாடு. அப்புறம் பிராக்டிஸ் நேரத்தில் விட்டுப்போன நோட்ஸைப் பார்த்து எழுதுவது. அதற்கு மேல் கண்காட்சி மாடல். படுக்கப் பத்தே முக்கால், எழுப்புவது ஆறு. ஏழேகால் மணி நேரம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் கடன், வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை வலி வராததற்குப் பள்ளி இல்லாதது மட்டும் காரணமில்லை. அன்றைக்கு அவள் ஒன்பது மணி வரை தூங்குகிறாள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டியூஷனை ஆண்டு விழா முடியும் வரை நிறுத்துங்கள். இதைச் சொன்னதும் உங்கள் முகம் மாறும், தெரியும். மூன்றாம் வகுப்பில் நான்கு வாரம் டியூஷன் போகாததால் எதுவும் கெட்டுவிடாது. மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பை கொள்கை, மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. நாளுக்கு இல்லை, வாரத்துக்கு. அது வழிகாட்டுதல்தான், சட்டமில்லை. ஆனாலும் பள்ளியிடம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ளலாம்.

கண்காட்சி மாடலுக்கும் ஒரு வழி. பிப்ரவரியில் ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் எரிமலை ரெடியாகவே தொங்குகிறது, அப்பாக்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள், யார் வீட்டு எரிமலை பெரிது என்று பரிசும் கொடுக்கிறார்கள். நீங்கள் அந்தப் போட்டியில் சேர வேண்டாம். ஒரு டம்ளரில் ஊறிய பயறு, மூன்று நாளில் முளை. தானே செய்து, தானே விளக்கம் சொல்ல அவளால் முடியும், ராத்திரி கண்விழிக்க வேண்டியதும் இல்லை.

விலக்குவதா, அப்படியே விடுவதா?

உங்கள் கடிதத்தில் இரண்டே வழிதான் இருக்கிறது. எல்லாவற்றிலிருந்தும் விலக்குவது, இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்புவது. இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் வைத்துக்கொள்வதில் உள்ள ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வலித்தால் வீடு, வீட்டில் டிவி என்று ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த நாள் வலி கூடும், வேண்டுமென்றே செய்வதாக இல்லாமலே கூடும். நாலைந்து நாள் போகாத பிள்ளைக்குத் திரும்பப் போவது மலையாகிவிடும். அதனால் ஆபத்தான அறிகுறி ஒன்றும் இல்லாத காலையில், வலித்தாலும் கிளம்ப வேண்டும். வேன் போய்விட்டால் வண்டியில் கொண்டுபோய் விடுங்கள், லேட்டானால் பரவாயில்லை. காலையில் எழுந்ததும் “வயிறு வலிக்குதா?” என்று கேட்காதீர்கள், கேட்டாலே கவனம் அங்கே போய்விடும். அவளாகச் சொன்னால், “வலிக்குதுன்னு தெரியுதுடா, கொஞ்ச நேரத்துல குறையும், வா கிளம்பலாம்” என்பது போதும். பள்ளியில் வலித்தால் வீட்டுக்கு அனுப்பாமல், வகுப்பிலேயே பத்துப் பதினைந்து நிமிஷம் தலை சாய்த்துக்கொள்ள விட வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உடம்பு முடியாமல் லீவு போட்டே ஆக வேண்டும் என்றால், அன்று டிவி கிடையாது.

விழாக்களையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். விளையாட்டு விழாவில் லெமன் ஸ்பூன் ஓட்டத்துக்கு அவளே பெயர் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அவளுடையது, தொடாதீர்கள். சுற்றுலாவுக்கும் அனுப்புங்கள், கோவை அறிவியல் மையம் எட்டு வயதுக்கு ஏற்ற இடம். தாத்தா பாட்டி தினத்தால் அவளுக்கு ஒரு பாரமும் இல்லை, மாமியாருக்குத்தான் புதுச் சேலை வேண்டியிருக்கும். மாறுவேடப் போட்டியை விட்டுவிடலாம். அதில் மேடை ஏறுவது பெரும்பாலும் அம்மாக்களின் உழைப்பு.

மிச்சம் இருப்பது ஆண்டு விழா டான்ஸ். அதிலும் டான்ஸைவிட, அந்த ஒரு வாக்கியம். எட்டு வயதில் நாற்பது பேர் முன்னால் “உன்னாலதான் கெடுது” என்று கேட்பது சின்ன விஷயமில்லை. அந்த மாஸ்டர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவராக இருப்பார். ஒரு மாதத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே மாதிரி அசைய வைத்துக் காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு. அது அவர் பேச்சை நியாயப்படுத்தாது. ஆனால் நீங்கள் நேராகப் போய்ச் சண்டை போட்டால் அடுத்த பிராக்டிஸில் அதன் சூடு குழந்தை மேல்தான் படும். வகுப்பாசிரியர் வழியாகப் போங்கள்.

மகளிடம் “ஆடுறியா, வேண்டாமா?” என்று கேட்காதீர்கள். எட்டு வயதுக்கு அது ரொம்பப் பெரிய கேள்வி, அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். “பின்வரிசையில் தோழி பக்கத்தில் நின்று ஆடுகிறாயா, பாட்டுக் குழுவில் சேர்ந்துகொள்கிறாயா?” என்று இரண்டு வாசல் திறந்து வைத்துக் கேளுங்கள். எதைச் சொன்னாலும் சரி. ஒன்றும் வேண்டாம் என்று அழுதால், அன்றைக்கு அவள் பார்வையாளராக உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. “என் பொண்ணு மட்டும் ஸ்டேஜ்ல இல்லைன்னா குரூப்ல எல்லாரும் கேப்பாங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் வலி. அதை அவள் வயிற்றோடு சேர்க்காதீர்கள். அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பை மார்ச் 1 வரை மியூட்டில் போடுங்கள்.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தப் பயங்களோடு வரும் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெயிலாக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளைகளை நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-ல் வந்த திருத்தமும் 5, 8 ஆகிய இரண்டு வகுப்புகளைப் பற்றியதுதான். மூன்றாம் வகுப்பை யாரும் தொடவில்லை. ஆண்டு விழாவில் ஆடவில்லை என்பது எந்தப் பாடத்தின் மார்க்கையும் குறைக்கக் காரணமாகாது. அதே சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பயமும் பதற்றமும் இல்லாமல் குழந்தை கற்க வேண்டும் என்று 29-வது பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே எடுத்து வீசாதீர்கள். உங்களுக்குத் தெரியும் என்ற தைரியத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், அது போதும்.

முதலில் டைரியில் ஒரு குறிப்பு. இப்படி எழுதலாம்: “மகளுக்கு வயிற்றுவலிக்கு மருத்துவம் நடக்கிறது. காலை, மதிய இடைவேளைகளிலும் பிராக்டிஸ் தொடங்கும் முன்பும் பாத்ரூம் போகவும் தண்ணீர் குடிக்கவும் அனுமதிக்க வேண்டுகிறேன். பிராக்டிஸில் விடுபட்ட நோட்ஸை வார இறுதியில் எழுத அனுமதி வேண்டும். நேரில் ஐந்து நிமிடம் பேச விரும்புகிறேன்.” நேரில் பேசும்போது மாஸ்டர் சொன்னதைச் சொல்லுங்கள். பெண் குழந்தைகளின் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் சொல்லுங்கள், அது உங்கள் மகளுக்கு மட்டுமான பிரச்சினையில்லை. கேரளத்தில் சில பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே 2019-லிருந்து தனி மணி அடிக்கிறார்கள், தமிழகத்திலும் பிறகு கல்வித்துறை அதைக் கொண்டுவந்தது. உங்கள் பள்ளியில் மணி அடிக்கிறதா, அடித்தால் பிராக்டிஸ் நேரத்திலும் அடிக்கிறதா என்று கேளுங்கள்.

டிரஸ் பணம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழகத்தில் 2009-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த அரசுக் குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். டிரஸ், சுற்றுலா எல்லாம் பெரும்பாலும் ‘விருப்பம் உள்ளவர்கள்’ என்ற பெயரில் வரும். விருப்பம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது என்றுதான் பொருள். 1,850 ரூபாய் வாடகையா, விலையா, ரசீது உண்டா, பாட்டுக் குழுவுக்கு இருக்கிற டிரஸ்சே போதுமா என்று கேளுங்கள். கேட்டதற்காகக் குழந்தையிடம் முகம் காட்டினால் முதல்வரிடம் எழுத்தில் கொடுக்கலாம். அதற்கு மேல் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. யாராவது குழந்தை மேல் கை நீட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. இப்போதைய நிலையில் அந்தப் படிகள் எதுவும் தேவைப்படாது என்பதே என் கணிப்பு. டிரஸ் வாடகை என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: யார் யாரோ போட்ட ஜிகினா துணி நேராக உடம்பில் படாமல் உள்ளே ஒரு பருத்தி பனியன். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பள்ளியின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தால் ஹாலும் ஆசிரியர்களும் அங்கே போய்விடுவார்கள், ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரியில் பொங்கல். ஆக எல்லாம் பிப்ரவரியில் வந்து குவிகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டை நடத்தினால் என்ன என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்டால் நல்லது. ஜூனில் அட்டவணை போடும்போதே கேட்க வேண்டும். பிப்ரவரியில் கேட்டுப் பயனில்லை.

பள்ளியை மாற்றும் முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள். சிரப்பை நிறுத்தி, தண்ணீரும் தூக்கமும் டாய்லெட்டும் ஒழுங்காகி இரண்டு வாரம் போகட்டும். தினம் காலையில் வலி இருந்ததா, எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை முறை பாத்ரூம் போனாள், பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள், மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். மார்ச்சில் பிராக்டிஸ் எதுவும் இல்லாத சாதாரண வாரத்திலும் அவள் பள்ளி என்றாலே அழுகிறாளா என்று பாருங்கள். அப்போதும் அழுதால் காரணம் வகுப்பறையிலோ வேனிலோ இருக்கலாம். எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். அழவில்லை என்றால், அடுத்த ஜூன் சர்க்குலர் வரும்போது எதற்குப் பெயர் கொடுப்பது என்று அவளையே பேனாவால் டிக் அடிக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கு மேல் கூடாது என்ற கண்டிஷனோடு.